லேப்டாப்புக்கு வெளி மானிட்டர்: 27 அங்குலத்தில் 4கே போகலாமா, 1440 போதுமா?

எழுத்துப்பிழை:
வணக்கம். நாள் முழுக்க மெய்ப்புப் பார்க்கிற வேலை. ஒரு பக்கம் பிடிஎஃப், இன்னொரு பக்கம் வேர்டு, நடுநடுவே அகராதி. 14 அங்குலத் திரையில் மூன்றையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. வெளி மானிட்டர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். 27 அங்குலம் என்பது வரை எனக்குத் தெளிவு. அதற்கு மேல்தான் குழப்பம். 4கே (3840×2160 புள்ளிகள்) வாங்கு என்கிறார் ஒருவர், அது வீண், 1440 (2560×1440) போதும் என்கிறார் இன்னொருவர்.

விளையாட்டு கிடையாது. படம் எப்போதாவது. எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், ண-வும் ன-வும் கண்ணைச் சுருக்காமல் பிரிந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் 11. லேப்டாப் கொஞ்சம் பழையது. ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு டைப்-சி இருக்கின்றன.

கம்பிக்காரன்:
மானிட்டரை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த இரண்டு டைப்-சி போர்ட்டுகளின் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான். உள்ளே என்ன ஓடுகிறது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும், சில சமயம் ஒரே லேப்டாப்பில் போர்ட்டுக்குப் போர்ட் மாறும். நுனியில் அம்பு உள்ள மின்னல் குறி தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புக்கு உரியது, அதில் படம் நிச்சயம் வரும். டி எழுத்தும் பி எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், அதாவது மானிட்டருக்குப் படம் அனுப்புகிற முறை, அதிலும் வரும். முச்சூலம் மாதிரி யுஎஸ்பி குறி மட்டும் இருந்தால் சந்தேகம்தான். ஃபைல் போகும், சார்ஜ் ஏறலாம், படம் வராமலே போகலாம். குறியே இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டு விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

எச்டிஎம்ஐ-யிலும் இதே கதை. பதிப்பு 1.4 என்றால் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும், அதாவது நொடிக்கு 30 தடவைதான் திரை புதுப்பிக்கப்படும். 2.0 என்றால் 60. லேப்டாப் விளம்பரங்களில் பெரும்பாலும் 'எச்டிஎம்ஐ' என்று மட்டும் போட்டுவிட்டு எண்ணை விழுங்கிவிடுவார்கள். இது தெரியாமல் 4கே-யா 1440-ஆ என்று பேசி ஒரு பிரயோசனமும் இல்லை.

வண்ணக்கலவை:
கம்பிக்காரன் எப்போதும் கம்பியிலிருந்துதான் ஆரம்பிப்பார். நான் கண்ணிலிருந்து வருகிறேன்.

ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் (திரைப் புள்ளி) என்பதுதான் எழுத்தின் தெளிவைத் தீர்மானிக்கிறது. 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் சுமார் 92. அதே 1080-ஐ 27 அங்குலத்தில் நீட்டினால் 82-க்கு இறங்கிவிடும். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம், எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். 27-ல் 1440 என்றால் 109. 27-ல் 4கே என்றால் 163. 32-ல் 4கே என்றால் 138. 32-ல் 1440 வாங்கினால் திரும்பவும் 92-க்கே வந்து நிற்பீர்கள். பெரிய திரை, ஆனால் தெளிவு 24 அங்குல 1080-க்குச் சமம்தான்.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். ண-வின் சுழிகள், ஞ-வின் வளைவு, மெய்யெழுத்தின் தலையில் நிற்கிற புள்ளி எல்லாமே சின்ன இடத்தில் அடைந்து கிடக்கின்றன. பிக்சல் குறைந்தால் அவைதான் முதலில் கரையும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு என் ஓட்டு 4கே-க்கு.

பழைய பேட்டரி:
//என் ஓட்டு 4கே-க்கு//

எதிர் ஓட்டு. 27 அங்குல 4கே-யை 100 சதவீத அளவில் வைத்து யாராலும் வேலை செய்ய முடியாது, மெனுவெல்லாம் எறும்பு சைஸில் இருக்கும். 150 சதவீதத்துக்குக் கொண்டுபோவீர்கள். 3840-ஐ 1.5 ஆல் வகுத்தால் 2560. ஆக, கடைசியில் கிடைக்கிற வேலை இடம் 1440 மானிட்டரின் இடமேதான். கூடுதல் காசு கொடுத்து அதே இடத்தில் உட்கார்வதற்கு எதற்கு 4கே?

அதோடு விண்டோஸில் பழைய மென்பொருள்கள் சில இப்படிப் பெரிதாக்குகிற ஸ்கேலிங்கில் மங்கலாகிவிடும். லேப்டாப் திரை ஒரு அளவு, மானிட்டர் இன்னொரு அளவு என்றால், ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுக்கும்போது எழுத்து கலங்கலாகத் தெரிகிற தொல்லை வேறு. 1440-ஐ 100 சதவீதத்தில் வைத்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

வண்ணக்கலவை:
இடம் அதேதான், மறுக்கவில்லை. ஆனால் அதே அளவு எழுத்தை வரைய 2.25 மடங்கு பிக்சல் கிடைக்கிறது. 1440-ல் மொத்தம் 37 லட்சம் பிக்சல், 4கே-யில் 83 லட்சம். அவர் கேட்டது இடம் மட்டும் இல்லையே, ண-வும் ன-வும் பிரிந்து தெரிய வேண்டும் என்றாரே. மங்கலாகிற பழைய மென்பொருளுக்கு ஒரு வழி உண்டு. அதன் ஐகானை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கம் போய், உயர் டிபிஐ அமைப்பை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலது ஆகாது. வேர்டும் பிடிஎஃப் மென்பொருளும் இப்போது நன்றாகவே நடந்துகொள்கின்றன.

இன்னொன்று, இடக் கணக்கை சென்டிமீட்டரில் போட்டுப் பாருங்கள். 27 அங்குலத் திரை கிட்டத்தட்ட 59.8 செ.மீ. அகலம், 33.6 செ.மீ. உயரம். ஏ4 தாள் 21-க்கு 29.7. நிஜ அளவிலேயே இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தாலும் 17 செ.மீ. மிச்சம், அதில் அகராதி உட்காரும். 24 அங்குலத்தில் உயரம் 29.9 தான். மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போனால் ஏ4 முழுதாக நிற்காது. 27 என்று நீங்கள் முடிவு செய்தது சரி.

இரவுப்பறவை:
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது மேக்புக் ஏர் எம்2. 4கே-யா 1440-ஆ என்பதற்கு அங்கேயும் இதே பதில்தானா? இரண்டு மானிட்டர் வைக்கிற யோசனையும் இருக்கிறது.

வண்ணக்கலவை:
மேக்கில் 4கே பக்கம் இன்னும் அழுத்திச் சொல்வேன். 2018-ல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவே பதிப்பில் எழுத்தை மென்மையாக்கும் சப்பிக்சல் முறையை ஆப்பிள் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அங்குலத்துக்கு 109 பிக்சல் உள்ள மானிட்டரில் மேக் எழுத்து கொஞ்சம் சோகையாகத் தெரியும். விண்டோஸில் அதே வேலையைச் செய்கிற க்ளியர்டைப் இருப்பதால் அதே மானிட்டர் பரவாயில்லாமல் இருக்கும்.

கம்பிக்காரன்:
இரண்டு மானிட்டர் பற்றி: எம்1, எம்2 ஏர் இரண்டுமே ஒரு வெளித் திரையைத்தான் தாங்கும். எம்3 ஏரில் இரண்டு உண்டு, ஆனால் மூடியை மூடி வைத்தால்தான். எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. உங்கள் எம்2-வுக்கு டிஸ்ப்ளேலிங்க் சிப் இருக்கிற டாக் (பல போர்ட்டுகள் உள்ள இணைப்புப் பெட்டி) ஒரு குறுக்கு வழி. அது படத்தை மென்பொருளால் சுருக்கி சாதாரண யுஎஸ்பி வழியே அனுப்புகிறது. எக்செல், இமெயில் என்றால் போதும். காப்புரிமைப் பூட்டு போட்ட படங்களை ஓட்டினால் கறுப்புத் திரைதான் தெரியும். மேக்கில் அதற்குத் திரைப்பதிவு அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கும், பயந்துவிடாதீர்கள், அது வேலை செய்கிற முறையே அப்படி.

சாய்வுநாற்காலி:
எல்லாரும் பிக்சலையே பேசுகிறீர்கள். அவர் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், யாராவது கவனித்தீர்களா?

தம்பி, மானிட்டரின் ஸ்டாண்டு மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறைந்த விலை மாடல்களில் முன்னும் பின்னும் சாய்க்க மட்டும்தான் முடியும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். கை நீட்டினால் விரல் நுனி தொடுகிற தூரம் வசதியான தூரம். மேசையின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், சில ஸ்டாண்டுகளின் பாதமே பாதி மேசையைத் தின்றுவிடும்.

கண் மட்டம் என்பது கண்ணாடி போடாதவர்களுக்கு. என்னைப் போல தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த பைஃபோக்கலோ புரோக்ரஸிவ்வோ போடுகிறவர்கள் திரையை இன்னும் தாழ்த்தி, மேல் பக்கம் சற்றுப் பின்னால் சாய்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழே இருக்கிற, கிட்டத்தில் படிக்கும் பகுதி வழியாகப் படிக்கத் தலையைத் தூக்கித் தூக்கி, பழைய கழுத்து வலி போய்ப் புதிய கழுத்து வலி வரும். பின்னால் 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் இடைவெளியில் வேசா எனப்படும் திருகுத் துளைகள் இருந்தால் பிறகு தனியாக ஒரு ஆர்ம் (மானிட்டரைத் தாங்கும் கை) வாங்கி மாட்டலாம். ஆர்ம் எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் பாருங்கள்.

எழுத்துப்பிழை:
எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னது நெஞ்சில் தைத்தது, நானும் புரோக்ரஸிவ்தான்.

போர்ட் பார்த்தேன். ஒரு டைப்-சி பக்கத்தில் டி-பி பின்னிய குறி இருக்கிறது. இன்னொன்றில் வெறும் யுஎஸ்பி குறி. பேனல் வகையில் ஐபிஎஸ், விஏ என்று போட்டிருக்கிறார்களே, அது ஏதாவது செய்யுமா?

பழைய பேட்டரி:
உங்களுக்கு ஐபிஎஸ். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. விஏ-யில் கறுப்பு நன்றாக ஆழமாக இருக்கும், கான்ட்ராஸ்ட் 3000:1 பக்கம் வரும், சாதாரண ஐபிஎஸ் 1000:1 தான். ஆனால் இருண்ட பின்னணியில் ஸ்க்ரோல் செய்யும்போது விஏ-யில் எழுத்து இழுபடுகிற மாதிரி தெரியும். டார்க் மோடில் வேலை செய்பவர்களுக்கு அது எரிச்சல். ஓலெட் அழகுதான், ஆனால் டாஸ்க்பார் நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கிற வேலைக்கு நான் வாங்க மாட்டேன், அந்தத் தடம் நிரந்தரமாகப் பதியும் ஆபத்து இருக்கிறது.

'1 மில்லிசெகண்ட்', 'பல கோடிக்கு ஒன்று டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று பெட்டியில் போட்டிருப்பதையெல்லாம் படிக்கவே வேண்டாம். எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாக விரித்துக் காட்டும் முறை) 400 என்ற சான்றும் அப்படித்தான், உச்ச வெளிச்சம் 400 நிட் (வெளிச்ச அலகு) என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. விண்டோஸில் எச்டிஆரைப் போட்டால் வேர்டு பக்கம் வெளிறிப் போவதுதான் மிச்சம்.

கம்பிக்காரன்:
டி-பி குறி இருக்கிறதா, நல்லது. அப்படியானால் டைப்-சி உள்ள மானிட்டராகவே பாருங்கள். ஒரே கம்பியில் படமும் போகும், லேப்டாப்புக்கு சார்ஜும் ஏறும், கீபோர்டையும் மவுஸையும் மானிட்டரின் முதுகில் குத்திவிடலாம். மானிட்டர் எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். உங்கள் சார்ஜரில் 65 வாட் என்று போட்டிருந்தால் 65 வாட் மானிட்டர் போதும். லேப்டாப் டைப்-சி வழியே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறதா என்பதையும் பார்க்கணும், எல்லாம் ஏற்காது.

ஹெட்போன்:
கேமிங் லேப்டாப்காரன் ஒருவன் இங்கே இருக்கிறேன். எச்டிஎம்ஐ-யில் மானிட்டரைச் செருகினால் சும்மா பிரவுசர் திறந்திருந்தாலே ஃபேன் கத்துகிறது. ஏன்?

கம்பிக்காரன்:
பல கேமிங் லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ போர்ட் தனி கிராஃபிக்ஸ் சிப்போடு நேராக இணைந்திருக்கும். மானிட்டரைச் செருகியதும் அந்தச் சிப் தூங்கவே முடியாது. உங்கள் மாடலில் டைப்-சி வழி உள்ளிணைந்த கிராஃபிக்ஸோடு போகிறதா என்று பாருங்கள். போனால் விளையாடாத நேரத்தில் அதில் செருகுங்கள்.

எழுத்துப்பிழை:
மானிட்டர் வந்துவிட்டது. 27 அங்குலம், 4கே, ஐபிஎஸ், டைப்-சி 65 வாட். எழுத்து பிரமாதம், வண்ணக்கலவைக்கு ஒரு கும்பிடு. ண-வின் மூன்று சுழிகளையும் எண்ணலாம்.

ஆனால் மவுஸ் ஏதோ சேற்றில் நடப்பது போல நகர்கிறது. ஜன்னலை இழுத்தால் விட்டு விட்டு வருகிறது. ஏற்கெனவே இருந்த ஹப் (ஒரு டைப்-சி போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்குகிற பெட்டி) வழியாக, எச்டிஎம்ஐ கேபிளில் போட்டிருக்கிறேன். போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிளில் நேரடியாகப் போட்டுப் பார்த்தேன், சார்ஜ் ஏறுகிறது, படமே வரவில்லை.

கம்பிக்காரன்:
இரண்டுமே எதிர்பார்த்ததுதான்.

போன் சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலும் மின்சாரத்துக்கும் யுஎஸ்பி 2.0-க்கும் உள்ள கம்பிகள்தான் இருக்கும். படத்தைச் சுமக்கிற வேகக் கம்பிகள் உள்ளேயே இல்லை. வெளியில் பார்த்தால் அச்சு அசல் ஒரே மாதிரி. மானிட்டர் பெட்டியில் ஒரு டைப்-சி கேபிள் இருக்கும், அதை எடுங்கள்.

ஹப் பிரச்சினை வேறு. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட் பாருங்கள். 30 என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

எழுத்துப்பிழை:
30 ஹெர்ட்ஸ்! பெட்டியில் இருந்த கேபிளை நேரடியாகப் போட்டேன். படம் வருகிறது, சார்ஜும் ஏறுகிறது. ஆனால் இன்னும் 30 தான் காட்டுகிறது, 60 என்ற தேர்வே இல்லை.

கம்பிக்காரன்:
மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போங்கள், திரைக்குப் பின்னால் இருக்கிற பொத்தானில். யுஎஸ்பி என்றோ யுஎஸ்பி-சி என்றோ ஒரு தலைப்பு இருக்கும். அதில் 'அதிவேக டேட்டா', 'உயர் ரெசல்யூஷன்' என்ற மாதிரி இரண்டு தேர்வு. பெயர் மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றில் யுஎஸ்பி 3, யுஎஸ்பி 2 என்றே இருக்கும். முதலாவதில் இருந்தால் இரண்டாவதுக்கு மாற்றுங்கள்.

காரணம் இதுதான். டைப்-சி கேபிளில் வேகமான தடங்கள் நான்கு. மானிட்டர் தன் முதுகில் இருக்கிற யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு 3.0 வேகம் கொடுக்க இரண்டு தடங்களை எடுத்துக்கொண்டால் படத்துக்கு மீதி இரண்டுதான். உங்கள் லேப்டாப் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தலைமுறை போலிருக்கிறது. அந்த வேகத்தில் இரண்டு தடத்தில் 4கே 60 போகாது, 30-ல் நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தரும் புதிய லேப்டாப் என்றால் இரண்டு தடத்திலேயே 60 போய்விடும், அவர்களுக்கு இந்த மெனு இருப்பதே தெரியாது. உங்கள் ஹப்பும் உள்ளே இதே பங்கீட்டைத்தான் செய்திருக்கும்.

எழுத்துப்பிழை:
மாற்றினேன். திரை ஒரு கணம் அணைந்து வந்தது, 60 வந்துவிட்டது! மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பென் டிரைவை மானிட்டரில் குத்தினால் மட்டும் ஃபைல் ஆமை வேகத்தில் போகிறது.

கம்பிக்காரன்:
போர்ட் இப்போது யுஎஸ்பி 2.0. கீபோர்டு, மவுஸுக்கு அது தாராளம். பென் டிரைவை லேப்டாப்பிலேயே குத்துங்கள், தீர்ந்தது.

பழைய பேட்டரி:
//60 வந்துவிட்டது!//

வாழ்த்துகள். 1440 வாங்கியிருந்தால் அந்த இரண்டு தடத்திலேயே 60 வந்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு விலகுகிறேன்.

வண்ணக்கலவை:
பதிவு செய்யப்பட்டது.

எழுத்துப்பிழை, திரும்பத் தருவதற்கான அவகாசம் முடிவதற்குள் ஒரு வேலை. அறை விளக்கை அணைத்துவிட்டு வெறும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் ஒவ்வொன்றாக வைத்து, செத்த பிக்சல் இருக்கிறதா, மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தையும் குறையுங்கள், கடையிலிருந்து வரும்போது கண் கூசுகிற அளவில்தான் வைத்திருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், வேர்டு பக்கம் தாளைவிடப் பளீரென்று இருந்தால் இறக்குங்கள்.

வாசல்திண்ணை:
இதே இழையில் ஒட்டிக்கொள்கிறேன். வீட்டில் சும்மா இருக்கிற 4கே டிவியை மானிட்டராக்கினேன். திரையின் ஓரம் வெட்டுப்படுகிறது, சிவப்பு எழுத்து எல்லாம் கலங்கலாக இருக்கிறது, கறுப்பு சாம்பல் நிறத்தில் தெரிகிறது.

கம்பிக்காரன்:
மூன்றுக்கும் மூன்று மருந்து. ஓரம் வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன். டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்ற தேர்வு இருக்கும். சிவப்பு எழுத்து கலங்குவது, டிவி நிறத் தகவலைப் பாதியாகச் சுருக்கி வாங்குவதால். பல டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினாலே முழு நிறமும் வந்துவிடும். கறுப்பு வெளிறுவது, லேப்டாப் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்ப்பதால். கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் 'ஃபுல் ஆர்ஜிபி' என்று மாற்றுங்கள். ஷார்ப்னஸையும் இறக்குங்கள், டிவிகளில் அது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுவைக்கும்.

எழுத்துப்பிழை:
இன்னும் இரண்டு சின்ன விஷயம். மவுஸை மானிட்டரிலிருந்து லேப்டாப் திரைக்குக் கொண்டுபோகும்போது சில இடங்களில் முட்டி நின்றுவிடுகிறது. அப்புறம், லேப்டாப்பை மூடினால் எல்லாமே தூங்கிவிடுகிறது.

பழைய பேட்டரி:
விலகவில்லை, வந்துவிட்டேன். டிஸ்ப்ளே அமைப்பில் 1, 2 என்று இரண்டு கட்டம் இருக்கிறதல்லவா, அதை மேசையில் நிஜமாக எப்படி இருக்கிறதோ அப்படி இழுத்து வையுங்கள். இரண்டு கட்டமும் ஒட்டி நிற்கிற விளிம்பின் வழியாகத்தான் மவுஸ் கடக்கும், ஒட்டாத நீளத்தில் சுவர்தான். மூடிக்கு, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், சார்ஜில் இருக்கும்போது 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். பேட்டரிக்கு உள்ளதைத் தொடாதீர்கள், மூடிப் பைக்குள் வைத்தால் உள்ளேயே கொதிக்கும்.

இரவுப்பறவை:
நானும் 27 அங்குல 4கே-யே எடுக்கிறேன், ஒன்று மட்டும். நீளமான புரோகிராம் கோட் படிக்க நெட்டுக்குத்தாகத் திருப்பி வைக்கலாமா?

வண்ணக்கலவை:
ஐபிஎஸ் என்றால் தாராளமாக. டிஎன் என்ற மலிவான பேனல் வகையைத் திருப்பினால் இடது கண்ணுக்கு ஒரு நிறம், வலது கண்ணுக்கு ஒரு நிறம் தெரியும். ஸ்டாண்டில் 'பிவட்' (திரையைச் சுழற்றும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சாய்வுநாற்காலி ஐயா சொன்ன உயரம் ஏறுவதும் சேர்ந்தே வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போது மூலை மேசையில் இடிக்கும். 60 செ.மீ. உயரத்துக்குத் திரை நிற்கும், அதன் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவர முடியாது, ஆகவே படிக்கிற ஜன்னலை நடுப்பகுதியில் வைத்துக்கொண்டு, கட்டளை தட்டுகிற டெர்மினல் ஜன்னலைக் கீழேயும் அடிக்கடி பார்க்காததை மேலேயும் தள்ளிவிடுங்கள்.